உரிமை மீறல்: சட்டமன்றம் ஓர் அதிகாரியைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

திருநெல்வேலிச் சீமையில் ஒரு பாலமோ பள்ளிக்கூடக் கட்டடமோ திறந்து, கல்வெட்டில் தொகுதி எம்.எல்.ஏ. பெயர் விடுபட்டுப் போனால் போதும். மறுநாள் டீக்கடையில் இதுதான் பேச்சு: "அண்ணாச்சி, கலெக்டர் மேல உரிமை மீறல் கொண்டாரப் போறாவளாம்லா." பக்கத்தில் இருப்பவர், "அப்போ ஜெயிலுதானா?" என்பார். இன்னொருவர், போன மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு தாசில்தார் கைகட்டி நின்ற கதையை எடுத்துவிடுவார். மூவருமே வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மூவருக்கும் தெரியாது.

மதுரைக் கிளையில் நடப்பது நீதிமன்ற அவமதிப்பு. கோர்ட் போட்ட உத்தரவை அதிகாரி நிறைவேற்றாவிட்டால் வருவது. அதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சட்டமன்றத்தின் அதிகாரம் வேறு வழியில் வருகிறது. அதற்கு இப்படி எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கபடி நடுவரின் விசில்

நம் ஊர்களில் கோயில் கொடை, பொங்கல் சமயத்தில் இரவுக் கபடிப் போட்டி நடக்கும். நடுவர் கையில் ஒரு விசில். ஆட்டக்காரர் முரண்டு பிடித்தால் வெளியே அனுப்புவார். வேடிக்கை பார்ப்பவர் களத்துக்குள் கல்லெறிந்தால் ஆட்டத்தை நிறுத்தி, ஆளைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொல்வார். ஆட வந்துகொண்டிருக்கும் ரைடரை ஒருவர் வழியில் மறித்து நிறுத்தினால் அதையும் கேட்கலாம். அவர் வராவிட்டால் ஆட்டம் கெடுமே. இவ்வளவும் நடுவருக்கு எதற்காக? ஆட்டம் ஒழுங்காக நடப்பதற்காக. அதே ரைடரைப் பற்றி மறுநாள் கடைத்தெருவில் ஒருவர், "அவனுக்கு ஆடவே தெரியாது" என்று சொன்னால் நடுவர் விசிலை எடுத்துக்கொண்டு அங்கே போக முடியாது. சொன்னது எவ்வளவு மனதைப் புண்படுத்தினாலும் சரி.

சட்டமன்றத்துக்கும் கணக்கு இதேதான். அவை தன் வேலையைத் தடையில்லாமல் செய்வதற்காக அவைக்கும், உறுப்பினர்களுக்கும், அவைக் குழுக்களுக்கும் தரப்பட்ட தனிச் சலுகைகளும் பாதுகாப்புகளும்தான் அவை உரிமை. அவையில் பேசிய பேச்சுக்காக ஓர் உறுப்பினர் மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. கூட்டத்தொடர் நடக்கும்போதும் அதற்கு முன்னும் பின்னும் நாற்பது நாள் வரைக்கும் சிவில் வழக்கில் அவரைக் கைது செய்ய முடியாது. இவையெல்லாம் அந்த வகை. இப்படித் தெரிந்த ஓர் உரிமையை மீறினால் அது உரிமை மீறல். குறிப்பிட்ட எந்த உரிமையும் மீறப்படவில்லை, ஆனாலும் அவையின் வேலைக்கு இடைஞ்சல் செய்தார் என்றால் அது அவை அவமதிப்பு. அவைக் குழு கேட்ட ஆவணத்தைக் கொடுக்காமல் ஒளிப்பது, குழுவின் முன் பொய் சொல்வது, சாட்சி சொல்ல வந்தவரை மிரட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

கல்வெட்டுப் பெயர் எந்தக் கணக்கில்?

அழைப்பிதழில் பெயர் போடவில்லை, போனை எடுக்கவில்லை, எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லை: இவையெல்லாம் மரபு மீறல்கள். மக்கள் பிரதிநிதிகளிடம் அதிகாரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அரசு ஆணைகள் இருக்கின்றன. மீறினால் துறை ரீதியாக விளக்கம் கேட்கலாம், மெமோ கொடுக்கலாம். ஆனால் கல்வெட்டில் பெயர் இல்லாததால் சட்டமன்றத்தின் எந்த வேலையும் நின்றுவிடுவதில்லை. ஆகவே பொதுவாக அது உரிமை மீறல் ஆகாது.

சாலை மறியலில் எம்.எல்.ஏ.வைப் போலீஸ் கைது செய்தாலும் அப்படித்தான். குற்ற வழக்கில் அவருக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆனால் கைது செய்த அதிகாரி, காரணத்தையும் வைத்திருக்கும் இடத்தையும் உடனே சபாநாயகருக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால்தான் சிக்கல். கைது செய்தது குற்றமில்லை. சொல்லாமல் விட்டது உரிமை மீறல்.

இப்போது இன்னொரு நிலைமை. கன்னடியன் கால்வாய்ப் பராமரிப்பு பற்றி அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூர்வாராத கால்வாயைத் தூர்வாரி முடித்ததாக ஓர் அதிகாரி தெரிந்தே எழுதிக் கொடுக்கிறார். அதையே குழுவின் முன் வந்து சாதிக்கவும் செய்கிறார். இங்கே அவை ஏமாற்றப்படுகிறது. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்திருக்கும் விவசாயியும் சேர்ந்துதான் ஏமாற்றப்படுகிறார். கல்வெட்டை விட இது நூறு மடங்கு பெரிய விஷயம். ஆனால் டீக்கடையில் இதை யாரும் உரிமை மீறல் என்று பேசிக் கேட்க முடியாது.

ஆக, உறுப்பினரின் கௌரவம் குறைந்ததா என்று பார்க்காமல் அவையின் வேலை தடைப்பட்டதா என்று பார்த்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நோட்டீஸ் முதல் தீர்மானம் வரை

முதலில் ஓர் உறுப்பினர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய கதையாக இருக்கக் கூடாது. அண்மையில் நடந்த, குறிப்பான ஒரு விஷயமாக இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொள்வதா, வேண்டாமா என்று சபாநாயகர் முடிவு செய்வார். பெரும்பாலான நோட்டீஸ்கள் இந்த வாசலிலேயே முடிந்துபோகும்.

முகாந்திரம் இருப்பதாகத் தோன்றினால் விஷயம் உரிமைக் குழுவுக்குப் போகும். சில எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்த குழு அது. தமிழ்நாட்டில் துணை சபாநாயகர் அதற்குத் தலைவராக இருப்பது வழக்கம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நோட்டீஸ் போகும். அவர் எழுத்திலோ நேரிலோ விளக்கம் சொல்லலாம். அநேகமாக இந்தக் கட்டத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் வந்து சேரும், விஷயம் அத்தோடு முடியும். முடியாவிட்டால் குழு அறிக்கை கொடுக்கும், அவை வாக்கெடுத்துத் தீர்மானிக்கும். சபாநாயகர் தனியாகத் தண்டனை கொடுப்பதில்லை. தண்டிப்பது அவைதான், அதாவது அங்கே யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவர்கள்தான். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

என்னென்ன தண்டனை

கண்டிப்பது ஒன்று. அவைக்கு வரவழைத்து, எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கடிந்துகொள்வது அதற்கு மேல். அடுத்தது சிறை. சபாநாயகர் கையெழுத்திட்ட வாரண்டோடு போலீஸ் போய்ப் பிடித்து வரும். பிரிட்டிஷ் மரபுப்படி, கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் சிறைவாசமும் முடிந்துவிடும். அதைத் தாண்டி ஓர் அவை யாரையும் அடைத்து வைக்க முடியாது. அபராதம் போடும் அதிகாரம் உண்டா என்பதில் பெரிய சந்தேகமே இருக்கிறது; பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை கடைசியாக அபராதம் போட்டது 1666இல். சிறையிலும் அங்கே 1880க்குப் பிறகு யாரையும் அடைக்கவில்லை.

பிரிட்டன் ஏன் நடுவில் வருகிறது என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 194ஆம் பிரிவு, மாநிலச் சட்டமன்றங்கள் தங்கள் உரிமைகளைச் சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதுவரைக்கும் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் காமன்ஸ் சபைக்கு என்ன உரிமைகள் இருந்தனவோ அவையே இவற்றுக்கும் என்று முதலில் எழுதினார்கள். நாடாளுமன்றத்துக்கு இதே போல 105ஆம் பிரிவு. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை எடுத்துவிட்டது. சரக்கு அப்படியே இருக்கிறது. அந்த 'அதுவரைக்கும்' இன்னும் முடியவில்லை.

சபாநாயகர் நாற்காலியும் நெல்லையும்

இந்தக் கதையில் நம் ஊருக்குத் தனி இடம் உண்டு. 1962 முதல் 67 வரை சபாநாயகராக இருந்த செல்லபாண்டியன் நெல்லைக்காரர். 2006இல் வந்த ஆவுடையப்பன் அம்பாசமுத்திரம் தொகுதி. 2021இல் வந்த அப்பாவு ராதாபுரம். இவர்களுக்கு நடுவில், 1980களில், சேரன்மகாதேவித் தொகுதியின் பி.எச். பாண்டியன். சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டு என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது அவரால்தான்.

அவர் காலத்தில்தான், 1987 ஏப்ரலில், ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. செய்த குற்றம், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட ஜோக். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார், உள்ளே போனார். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே விடுவித்தார்கள். அதோடு அவர் விடவில்லை. உயர் நீதிமன்றம் போனார். கடைசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாயும் கிடைத்தது.

2003 நவம்பர் 7ஆம் தேதி மறுபடியும் நடந்தது, இந்த முறையும் எழுதியதற்காகத்தான். இந்து நாளிதழின் ஆசிரியர், வெளியீட்டாளர் உள்பட ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று அவை தீர்மானித்தது. போலீஸ் பத்திரிகை அலுவலகத்துக்கே போனது. 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்துவிட்டது.

இரண்டிலும் அவையின் எந்த வேலை தடைப்பட்டது? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. கடைத்தெருவில் பேசியவரைப் பிடிக்க நடுவர் விசிலோடு கிளம்பிப் போன கதைதான் இரண்டும்.

கோர்ட் உள்ளே வரலாமா

இந்தக் கேள்விக்கு 1964இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு பெரிய ரகளையே நடந்தது. கேசவ் சிங் என்ற கோரக்பூர்க்காரர் ஒரு எம்.எல்.ஏ.வைத் தாக்கித் துண்டறிக்கை போட்டார். சட்டமன்றம் அவருக்கு ஏழு நாள் சிறை கொடுத்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் இரண்டு நீதிபதிகள் அவருக்கு ஜாமீன் கொடுத்தார்கள். சட்டமன்றத்துக்குக் கோபம் வந்து, அந்த இரண்டு நீதிபதிகளையும் வழக்கறிஞரையும் காவலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னது! உடனே உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து அந்த உத்தரவுக்குத் தடை போட்டார்கள். குடியரசுத் தலைவர் விஷயத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வெளியாள் ஒருவரை அவை சிறைக்கு அனுப்பினால், அவர் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்கு வரலாம். மனுவை எடுத்துக்கொண்ட நீதிபதிகள் அவையை அவமதித்தவர்கள் ஆகமாட்டார்கள் என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. இத்தனைக்கும் பிறகு, அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் கேசவ் சிங் மனுவைத் தள்ளுபடி செய்தது. மனிதர் மிச்ச நாள்களை உள்ளே கழித்தார்.

2007இல் ராஜா ராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லைக்கோட்டை இன்னும் தெளிவாகப் போட்டது. அவை நடைமுறையில் சின்னச் சின்னக் குறைகள் இருந்தால் கோர்ட் தலையிடாது. அரசியல் சட்டத்துக்கே விரோதமாக இருந்தால் தலையிடும்.

நம் மாநிலத்து உதாரணம், குட்கா விவகாரம். 2017 ஜூலையில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினும் திமுக உறுப்பினர்களும் குட்கா பாக்கெட்டுகளை அவைக்குள் எடுத்துக் காட்டினார்கள். தடை செய்த பொருள் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்று சொல்வதற்காக. உரிமைக் குழு அவர்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்த நோட்டீஸ் அடிப்படையிலேயே பிழையானது என்று ரத்து செய்தது. பிறகு புது நோட்டீஸ், மறுபடி வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனது தனிக் கதை.

இதுவரை: அவைக்குத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு, கூட்டத்தொடரோடு முடிகிற சிறைவாசம்தான் அதன் எல்லை, கோர்ட்டின் கண் அதன் மேல் எப்போதும் இருக்கும்.

அதிகாரிகள் எப்போது மாட்டினார்கள்

பத்திரிகைக்காரர்கள் கதை போதும். தலைப்புக் கேள்விக்கு வருவோம். முடியும், நடந்தும் இருக்கிறது. 2008இல் மகாராஷ்டிரத்தில், மாநிலத் தேர்தல் ஆணையராகவே இருந்த நந்தலாலை இரண்டு நாள் காவலுக்கு அனுப்பினார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் 2023 மார்ச் 3 அன்று நடந்தது இன்னும் விசேஷம். அவையையே கோர்ட்டாக மாற்றி, ஆறு போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2004இல் கான்பூரில் மின்வெட்டை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பாஜக எம்.எல்.ஏ. ஒருவர் மீது தடியடி நடத்திக் காலை உடைத்ததாகக் குற்றச்சாட்டு. அன்று நள்ளிரவு வரை சட்டமன்ற வளாகத்திலேயே ஓர் அறையில் அடைத்து வைக்க வேண்டும் என்பது தண்டனை.

உரிமைக் குழு 2005லேயே அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டது. தண்டனைக்கு ஏன் 2023 வரை? 2004இல் அந்த எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. 2023இல் அவர் கட்சிதான் ஆளுங்கட்சி. அந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள் என்றது இதற்குத்தான். அதிகாரி அரசின் ஆள். அரசு அவையில் பெரும்பான்மை உள்ளவர்களின் ஆட்சி. தங்கள் மந்திரி சொன்னபடி நடந்த அதிகாரியைத் தாங்களே தண்டிக்க ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கை தூக்குவார்களா? எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கலெக்டர் மீது கொடுக்கும் நோட்டீஸ் அதனால்தான் அநேகமாகச் செய்தித்தாளோடு நின்றுவிடுகிறது. அதிகாரிகளை விடப் பத்திரிகைக்காரர்கள் அதிகம் மாட்டியதும் இதனால்தான் என்பது என் எண்ணம். அவர்களுக்கு அவைக்குள் ஓட்டு இல்லை.

இன்னொன்று. தெருப் போராட்டத்தில் விழுந்த அடி அவையின் வேலையை எப்படித் தடுத்தது? கான்பூர் வழக்கில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தடியடி தப்பு என்றால் அதற்குக் குற்றவியல் கோர்ட் இருக்கிறது.

அமெரிக்காவில் இதே முடிச்சு

டி.வி.யில் 'காங்கிரஸை அவமதித்தார்' என்று அமெரிக்கச் செய்தி வரும்போது, நம் ஊர்க் காங்கிரஸ் கட்சி என்று நினைத்துத் திகைப்பவர்களும் உண்டு. அது அவர்கள் நாடாளுமன்றத்தின் பெயர். அங்கே குழு அழைத்து வராத ஆளைத் தன் ஊழியரை அனுப்பித் தானே பிடித்து அடைக்கும் அதிகாரம் அவைக்கு உண்டு. 1930களுக்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. கோர்ட்டில் சிவில் வழக்குப் போட்டு ஆவணத்தைக் கேட்கலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மூன்றாவது வழி, 1857இல் வந்த சட்டப்படி குற்ற வழக்கு. ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. வெள்ளை மாளிகையில் ஆலோசகர்களாக இருந்த ஸ்டீவ் பானன், பீட்டர் நவாரோ இருவரும் 2024இல் நான்கு மாதம் உள்ளே இருந்தது இந்தச் சட்டத்தில்தான்.

ஆனால் வழக்கை நடத்த வேண்டியது அவை இல்லை, அரசின் நீதித் துறை. 2012இல் அந்தத் துறையின் தலைவர் எரிக் ஹோல்டரே அவமதித்தார் என்று கீழவை தீர்மானம் போட்டது. தன் தலைவர் மீது வழக்குப் போட அந்தத் துறை மறுத்துவிட்டது. இங்கே பெரும்பான்மை தடுக்கிறது, அங்கே வழக்குப் போடும் துறை தடுக்கிறது.

அப்போ அதிகாரியை யார்தான் கேட்பது

சத்தமில்லாத குழுக்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குச் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவோ மதிப்பீட்டுக் குழுவோ வருகிறது என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே ஃபைல்கள் தூசி தட்டப்படும். பொதுக் கணக்குக் குழு, தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தப் பணம் எங்கே போனது' என்று துறைச் செயலாளரையே உட்கார வைத்துக் கேட்கும். அரசு உறுதிமொழிக் குழு என்று இன்னொன்று உண்டு. அவையில் மந்திரி 'ஆவன செய்யப்படும்' என்று சொன்னதைக் குறித்து வைத்து, செய்தீர்களா என்று துரத்துவது அதன் வேலை. இந்தக் குழுக்களின் முன் பொய் சொன்னாலோ ஆவணத்தை மறைத்தாலோ அது அவை அவமதிப்பு. அந்தப் பயம் பின்னால் நிற்பதால்தான் கேட்ட காகிதம் வந்து சேர்கிறது. கன்னடியன் கால்வாயில் உண்மையாகவே தூர்வாரினார்களா என்று தெரிய வேண்டுமென்றால், நம் எம்.எல்.ஏ. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று முதலில் விசாரிக்கலாம்.

ஏன் இன்னும் எழுதி வைக்கவில்லை

உரிமைகளைச் சட்டமாக எழுதுங்கள் என்று பத்திரிகை ஆணையம் சொன்னது, பலரும் சொல்லிவிட்டார்கள். நாடாளுமன்றமும் எழுதவில்லை, சட்டமன்றங்களும் எழுதவில்லை. காரணம் லேசில் கண்டுபிடிக்கக்கூடியதுதான். சட்டமாக எழுதினால் அது மற்றச் சட்டங்களைப் போல அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பேச்சுரிமைக்கு முரணான வரியைக் கோர்ட் அடித்துவிடலாம். எழுதாமல் இருக்கும்வரை வானம் வானமாகவே இருக்கும்.

ஆஸ்திரேலியா எழுதிவிட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது ஐயாயிரம் டாலர் அபராதம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத்தையோ உறுப்பினரையோ விமர்சித்தார், இழிவாகப் பேசினார் என்ற ஒரே காரணத்துக்காக, அவைக்கு வெளியே சொன்ன எதுவும் அவமதிப்பு ஆகாது என்றும் இருக்கிறது. அந்தச் சட்டம் வந்த ஆண்டு 1987.